சுரங்கமும் சுருங்கையும்

தமிழிற் கலைச்சொல் ஆக்குதலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வேதிநூல், உயிர்நூல், மருத்துவம், கணக்கு என்னும் இவற்றையே எடுத்துக்கொள்வர். இவை வகுப்பறையிற் பயிலப்படும் கலைகளாதலின் அஃது இயல்பே. ஆயினும் வகுப்பறைக்குப் புறத்தே, நிலத்தின் கீழே, உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு மக்கள் செய்யும் தொழில் ஒன்று உண்டு. மலையைக் குடைந்தும், நகரத்தின் அடியை அகழ்ந்தும் வழி சமைக்கும் தொழில் அது. அத்தொழிற்குரிய சொற்கள் நம் மொழியில் இன்று எந்நிலையில் உள்ளன, இனி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பவற்றைப் பற்றி நம் கல்லூரி அன்பர்க்குச் சில கூற விரும்புகின்றேன்.

முதற்கண் 'சுரங்கம்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நிலத்தடியிற் பொன் எடுத்த இடம் சுரங்கம். 2001-ஆம் ஆண்டில் மூடப்பெற்ற கோலார் தங்கவயலில், மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழம்வரை சென்ற குழிகளுக்கு அதுவே பெயர். நெய்வேலியிற் பழுப்பு நிலக்கரி எடுக்குமிடமும் சுரங்கம். அஃதோ வானம் பார்த்துத் திறந்து கிடக்கும் பெரும்பள்ளம். 1895-ஆம் ஆண்டு முதல் பெரியாற்று நீரை மேற்கு மலைத்தொடரின் ஊடே மதுரைச் சீமைக்குக் கொணர்ந்து வரும் குடைவும் சுரங்கம். சாலையைக் கடப்பார்க்கென அதன் அடியில் அமைத்த நடைவழி சுரங்கப்பாதை. சென்னையில் 2017-ஆம் ஆண்டு மே மாதம் முதல் மெட்ரோ இரயில் நிலத்தடியில் ஓடும் வழியும் சுரங்கமே. பொருள் ஐந்து, சொல் ஒன்று.

இதனால் வரும் கேடு யாது என வினவலாம். 2023-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், தீபாவளியன்று காலையில், உத்தரகாண்ட மாநிலத்துச் சில்க்யாரா என்னுமிடத்தில், நெடுஞ்சாலைக்கென மலையைக் குடைந்து அமைத்துக்கொண்டிருந்த வழியின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. 41 தொழிலாளர் உள்ளே அகப்பட்டனர். ஏறக்குறைய 60 மீட்டர் நீளத்திற்கு இடிமண் வழியை அடைத்துக்கொண்டது. அதனூடே இரும்புக் குழாயைச் செலுத்திச் சென்ற பெருந்துளைப்பொறி, முடிவு நெருங்கிய வேளையில் உடைந்துபோயிற்று. எஞ்சிய பத்துப் பன்னிரண்டு மீட்டரை, 'எலிவளை'ச் சுரங்க வேலையிற் பழகிய சிலர் குழாயினுள் ஊர்ந்து சென்று கையாலேயே அகழ்ந்தனர். பதினேழாம் நாளாகிய நவம்பர் 28-இல் 41 பேரும் உயிருடன் வெளிவந்தனர்.

அந்நாட்களில் தமிழ்ச் செய்தித்தாள்கள் இதனைச் 'சுரங்க விபத்து' என்றே எழுதின. படிப்போன் ஒருவன் நிலக்கரிச் சுரங்கம் ஒன்று இடிந்ததென எண்ணியிருப்பின் அஃது அவன் குற்றமன்று. எலிவளைச் சுரங்கம் என்பதோ மெய்யாகவே நிலக்கரி எடுக்கும் ஒரு முறை. மேகாலய மாநிலத்தில் வழங்கி, அதன் கொடிய இடரை நோக்கி 2014-ஆம் ஆண்டிலே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தால் தடுக்கப்பட்டது. ஆகவே ஒரே செய்தியில், ஒரே பத்தியில், ஒரு சொல் இருவேறு தொழிலைக் குறித்து நின்றது. அவ்விரண்டும் வேறென்பதை அறிந்தாலன்றி, ஒரு தொழிலிற் பழகினோர் மற்றொரு தொழிலில் அகப்பட்டோரை மீட்ட அருமையை யார் உணர்வர்?

சுரங்கமும் வழிக்குடைவும் பெயரில் மட்டுமன்று, நோக்கத்திலேயே வேறானவை. சுரங்கத்தில் நாம் வேண்டுவது வெளியே வரும் பொருள். குடைவில் நாம் வேண்டுவது உள்ளே நிற்கும் வெற்றிடம். பொன்னோ கரியோ தீர்ந்தபின் சுரங்கத்தைக் கைவிடலாம். இரயில் செல்லும் குடைவோ நூறாண்டு இடியாது நிற்றல் வேண்டும். நம் நாட்டிலேயே சுரங்கத் தொழிலாளர்க்கெனச் சட்டம் 1952-ஆம் ஆண்டிலும், கட்டடத் தொழிலாளர்க்கெனச் சட்டம் 1996-ஆம் ஆண்டிலும் தனித்தனியே இயற்றப்பட்டன. சட்டம் பிரித்து நோக்கியதை மொழி பிரியாது விடின், எந்தக் காவல் யாருக்குரியது எனக் கேட்கவும் மக்கட்கு வாய் எழாது.

இதற்குத் தீர்வு வெகு தொலைவில் இல்லை. 'சுருங்கை' என்பது நம் பழஞ்சொல். சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் நிலத்தடி வழியையும், மறைந்தோடும் நீர்வழியையும் குறித்து அது வருகின்றது. வடமொழியில் அர்த்தசாஸ்திரத்திலும் இதனோடு இயைந்த சொல் உண்டு. அதன் மூலம் கிரேக்க மொழியிற் குழலைக் குறிக்கும் சொல்லென்று கூறும் அறிஞரும் உளர். எங்கிருந்து வந்ததாயினும் இரண்டாயிரம் ஆண்டளவாக நம் வீட்டிலே இருக்கும் பொருளை அயலதென்று தள்ளுவாரில்லை. பொருள் எடுக்கும் குழியைச் சுரங்கம் எனவும், வழியாக நிற்கும் குடைவைச் சுருங்கை எனவும் வரையறுத்துக்கொண்டால் மயக்கம் தீரும். பழைய சொல் புதுப் பொருளைத் தாங்குமோ என ஐயுறல் வேண்டா. ஆங்கிலத்தில் 'டன்னல்' என்னும் சொல் முதலிற் குறித்தது, பறவை பிடிக்கும் குழல்வடிவான வலையை. வலையைக் குறித்த சொல் மலையின் குடைவுக்கு ஆகுமாயின், நிலத்தடி வழியையே குறித்த நம் சொல் அதற்கு ஆகாதோ?

இது நிற்க. சொல் இல்லாமையினும் பெருங்கேடு பிழையான சொல். அகராதியை ஒரு கையிலும் எழுதுகோலை மறு கையிலும் கொண்டு, தொழிலிடத்தைக் காணாமலே சொல் ஆக்குவோரால் இக்கேடு விளையும். 'ஷாஃப்ட்' என்னும் ஆங்கிலச் சொல் பொறியிற் சுழலும் தண்டையும் குறிக்கும். நிலத்தினுட் செங்குத்தாக இறங்கும் குழியையும் குறிக்கும். முதற்பொருளை மட்டும் அறிந்தவன் 'தண்டு வழியாகத் தொழிலாளர் இறங்கினர்' என்று எழுதிவிடக்கூடும். அதனை 'இறங்குகிணறு' என்றால் ஒரு சிறுவனுக்கும் விளங்கும். 'கிரௌன்' என்பது சுருங்கையின் உச்சிவளைவு. அதனைக் கிரீடம் என்பது நகைப்புக்கிடம். நம் வீட்டுக் கூரையின் உச்சிக்கு 'முகடு' என்று பெயருண்டு. அதுவே இங்கும் பொருந்தும்.

நகைத்துவிட்டுப் போக முடியாத இடமும் ஒன்று உண்டு. சுருங்கையின் வாயிலை ஆங்கிலத்தில் 'போர்ட்டல்' என்பர். உள்ளே வெட்டு நடைபெறும் முனையை 'ஃபேஸ்' என்பர். இரண்டையும் முகப்பு என்றே ஒருவர் பெயர்த்துவிடல் கூடும். முன்னையது வெளிச்சமும் காற்றும் உள்ள இடம். பின்னையது, இன்னும் தாங்கல் கொடுக்கப்படாத மண் தலைமேல் நிற்கும், இடர் மிகுந்த இடம். 'முகப்பிற்குச் செல்க' என்று இடர்வேளையிற் கட்டளை பிறந்தால், கேட்பவன் எத்திசையில் ஓடுவான்? வெளிவாய்க்கு 'வாயில்' எனவும், உள்முனைக்கு 'வெட்டுமுகம்' எனவும் சொல் வேறுபடல் வேண்டும். அஞ்சத்தக்க வேறுபாடு எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் சொல்லும் வேறுபட வேண்டும் என்பதே இத்துறையில் முதல் விதி என்பது என் கருத்து.

இரண்டாம் விதி, சொல்லைத் தொழில் செய்வானிடமிருந்து எடுத்தல். மண்ணின் இயல்பை ஆராயும் கலையைத் தோற்றுவித்தோருள் முதல்வராகிய கார்ல் டெர்சாகி என்னும் பேரறிஞர், சுருங்கை வெட்டுமிடத்து மண் நடந்துகொள்ளும் வகைகளைப் பகுத்தபோது, கிரேக்கத்திலும் இலத்தீனிலும் சொல் தேடிச் செல்லவில்லை. சுருங்கைத் தொழிலாளர் வாயில் வழங்கிய சொற்களையே எடுத்து, ஒவ்வொன்றற்கும் எல்லை வகுத்தார். 'சுருங்கை வெட்டுவோன் பகுப்பு' என்றே அதற்குப் பெயரும் நிலைத்தது. அவ்வகைகளைத் தமிழில் இவ்வாறு கூறலாம். தாங்கலின்றிச் சிறிது பொழுது நிற்பது உறுதிமண். வெட்டிய சற்று நேரத்திற் கட்டிகட்டியாகப் பிதிர்ந்து விழுவது உதிர்மண். உலர்ந்த மணல்போலச் சரிந்து, தன் சாய்வு அமையும்வரை ஓடுவது சரிமண். நீரோடு கலந்து கூழ்போற் பெருகி வருவது பாய்மண். பருமன் கூடாமலே மெல்ல மெல்ல உள்நோக்கி நெருக்கி வருவது நெருக்குமண். நீரை உறிஞ்சிப் பருத்து வருவது பொருமுமண்.

இவை புலமை காட்டும் பாகுபாடுகள் அல்ல. சரிமண்ணைப் பலகை அடித்துத் தடுக்கலாம். பாய்மண்ணையோ பலகை தடுக்காது. இடுக்கெல்லாம் புகுந்து வரும். அங்கே முதலில் நீரை அடக்கல் வேண்டும். இரண்டையும் 'மண்சரிவு' என்று ஒரு சொல்லால் முடித்துவிடும் மொழியில், மருந்து இரண்டென்பதை எவ்வாறு கற்பிப்பது? தேம்ஸ் ஆற்றின் அடியிற் புருனெல் என்னும் பொறிஞர் 1825-இல் தொடங்கி 1843-இல் திறந்த சுருங்கையே, கப்பல் செல்லும் ஆற்றின்கீழ் அமைந்த முதற்சுருங்கை. முப்பத்தாறு அறைகளாகப் பகுத்த இரும்புச் சட்டத்தைக் கேடயமாக முன்னே நிறுத்தி, அறைக்கு ஒருவராக நின்று வெட்டினர். அக்கேடயத்தையும் மீறி ஆறு உட்புகுந்தது. 1828-ஆம் ஆண்டு சனவரி மாதத்து வெள்ளத்தில் அறுவர் மாண்டனர். மண்ணின் வகையை அறிந்து பெயரிட்டு அழைக்கும் அறிவு இத்தகைய இழப்புக்களாலேதான் பெறப்பட்டது.

அங்ஙனமாயின் தமிழ்நாட்டிற் சுருங்கைத் தொழிலாளர் சொல் எங்கே உள்ளது எனக் கேட்கலாம். அது கிணற்றில் உள்ளது. கிணறு வெட்டும் தொழில் நம் நாட்டில் மிகப் பழமையானது. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேலொன்றாக இறக்கிய உறைகிணறுகள் கீழடி அகழாய்வில் வெளிப்பட்டுள்ளன. இன்று சென்னை நிலத்தடியிற் பொறி முன்னே குடைந்து செல்லச் செல்ல, பின்னே கான்கிரீட் துண்டங்களை வட்டமாகப் பொருத்தி இறுக்கி வருகின்றனர். உறைகிணற்றைப் படுக்கையாகக் கிடத்தினால் அதுவே இது. ஆகலின் அவ்வளையத்திற்கு 'உறை' என்பதினும் பொருத்தமான பெயர் வேறில்லை. அதன் துண்டம் 'உறைக்கண்டம்' ஆகும். உறைக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட வெளியை நிரப்பச் செலுத்தும் நீர்த்த கலவை, கொத்தனார் வழக்கை ஒட்டிக் 'கூழ்ச்சாந்து' ஆகும். கிணற்றில் வெடி வைக்கப் பாறையில் அடிக்கும் துளைக்குத் 'தமர்' என்று பெயர். 'தமரடித்தல்' என்பது தொழில் வழக்கு. சுருங்கையில் முன்னுள்ள பாறையின் இயல்பை அறிய அடிக்கும் துளையை 'முன்தமர்' என்னலாம். தாங்குமரத்திற்கு 'முட்டு' என்பது எல்லோரும் அறிந்த சொல்.

இன்னும் ஒன்று. தாங்கல் கொடாது விட்டால் வெட்டிய இடம் எத்துணைப் பொழுது இடியாது நிற்கும் என்பது இத்தொழிலில் உயிர்நாடி. ஆஸ்திரிய நாட்டு லாஃபர் என்பார் 1958-ஆம் ஆண்டில் இதனை அளவுபடுத்தி, வெட்டின் அகலம் கூடக்கூட அப்பொழுது குறையும் எனக் காட்டினார். கிணறு வெட்டுவோர் 'இந்த மண் நிற்கும்', 'இந்த மண் நில்லாது' என்று சொல்வது இதனையன்றி வேறெதனை? 'நிலைபொழுது' என்று நாம் பெயரிட்டால், அவர் அறிவும் அறிஞர் அளவும் ஒரு சொல்லில் வந்து சேரும்.

சென்னையில் நடைபெறும் மெட்ரோ இரண்டாங்கட்ட வேலையிற் சுருங்கை குடையும் பொறிகட்கு நீலகிரி, ஆனைமலை, சேர்வராயன், கல்வராயன் என நம் மலைகளின் பெயரை இட்டனர். கேட்கச் செவிக்கு இனிதாகத்தான் உள்ளது. ஆனால் பொறிக்குத் தமிழ்ப்பெயர் சூட்டிய நாம், அதன் உறுப்புக்களுக்கும், அது வெட்டும் மண்ணுக்கும், அது விட்டுச்செல்லும் உறைக்கும் தமிழ்ப்பெயர் வழங்கினோமல்லோம். குழந்தைக்குப் பெயரிட்டுப் பாலூட்ட மறந்த தாய்க்கு நம்மை ஒப்பிடலாம்.

இதற்கு மறுப்புரைப்போரும் உளர். வரைபடமும் கணக்கும் ஒப்பந்தமும் ஆங்கிலத்தில் உள்ளன. உலகமெங்கும் ஒரே சொல் வழங்கும்போது தமிழ்ச்சொல் எதற்கு என்பது முதல் மறுப்பு. உலகமெங்கும் ஒரே சொல் என்பது மெய்யன்று. நாம் உறைக்கண்டம் என்றதை ஆங்கிலேயர் 'செக்மெண்ட்' என்பர். பிரெஞ்சுக்காரரோ கல்வளைவு கட்டிய கொத்தர் வழங்கிய 'வுசுவார்' என்னும் தம் சொல்லையே இன்றும் வழங்குகின்றனர். அதனால் அவர் தொழில் குன்றிவிடவில்லை. ஆங்கிலச்சொல்லை அறியாதிருக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. அதனோடு தமிழ்ச்சொல்லும் இருக்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

சுருங்கையில் வேலை செய்வோர் பலர் வடநாட்டினர். அவர்க்குத் தமிழ்ச்சொல்லாற் பயன் என்னை என்பது இரண்டாம் மறுப்பு. உள்ளே நிற்பவனுக்கு எச்சரிக்கை அவன் தாய்மொழியிலேயே சென்று சேர வேண்டும் என்பதில் ஐயமில்லை. இந்தி பேசுவோனுக்கு இந்தியில், ஒடியா பேசுவோனுக்கு ஒடியாவில். அதே நீதி தமிழனுக்கும் உரியதன்றோ? மேலும் சொல் வேண்டுவது வெட்டுவோனுக்கு மட்டுமன்று. தன் வீட்டின் அடியிற் பொறி செல்லும்போது சுவரிற் கீறல் கண்டு அஞ்சும் மூதாட்டிக்கு விளக்கம் கூறவேண்டும். செய்தி எழுதுவோன் பிழையின்றி எழுதவேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் கட்டடப் பொறியியலைத் தமிழ்வழியாகவும் கற்பிக்கத் தொடங்கினர். அவ்வழி பயில்வோர்க்கு நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும்.

தூய தமிழ் என்னும் பேரால் வழங்காச் சொற்களைத் திணிப்பர் என்பது மூன்றாம் மறுப்பு. இவ்வச்சம் முற்றும் பொய்யன்று. சிமெண்டையும் கான்கிரீட்டையும் பம்பையும் மாற்றவேண்டிய தேவை எதுவுமில்லை. அவை கொத்தனார் வாயிலும் உழவர் வாயிலும் புகுந்து நம் சொற்களாகிவிட்டன. நாம் வேண்டுவது தூய்மையன்று, தெளிவு. தெளிவு தரும் சொல் எம்மொழியினின்று வரினும் ஏற்போம். மயக்கம் தரும் சொல் தமிழேயாயினும் விடுவோம்.

மிஷன் கல்லூரியினராகிய நமக்கு இப்பணியிற் சிறப்பான உரிமை ஒன்றுண்டு. 1847-ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களைத் தமிழிற் பெயர்த்து, கலைச்சொற்றொகுதிகளையும் ஆக்கினார். சேலத்தில் 1916-ஆம் ஆண்டில் இராஜாஜி முதலானோர் அறிவியற் சொற்களுக்கெனச் சங்கம் கண்டனர். 1938-ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்கள் என்னும் தொகுதியை வெளியிட்டது. அவ்வழியில் அடுத்த அடி எடுத்து வைத்தல் நம் கடன்.

விரைந்து எடுத்து வைத்தலும் வேண்டும். ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின், கடப்பாரையும் கூடையும் கொண்டு கிணறு வெட்டுவோர் ஊர்தோறும் அருகி வருகின்றனர். அவருள் முதியோர் மறையுந்தோறும் ஒரு சிற்றகராதி மறைகின்றது. அவ்விழப்பு எத்தகையது என்பதற்கு நம் திருமறையோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. எருசலேமில் நகரத்திற்குள் நீர் வரச்செய்த எசேக்கியா அரசனைப் பற்றி இரண்டாம் இராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்திற் படிக்கின்றோம். அவன் காலத்ததெனப் பெரும்பாலோர் கொள்ளும் 533 மீட்டர் நீளமுள்ள நீர்ச்சுருங்கை இன்றும் அங்கே உள்ளது. அதன் சுவரிற் பொறித்த எழுத்தை 1880-ஆம் ஆண்டில் நீரில் இறங்கிய சிறுவன் ஒருவன் கண்டான். இப்போது அக்கல் இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. இருபுறமிருந்தும் வெட்டி வந்தோர் ஒருவர் குரலை ஒருவர் கேட்டதும், கோடரிக்கு எதிராகக் கோடரி ஓங்கிச் சந்தித்ததும் அதிற் கூறப்படுகின்றன. அரசன் பெயர் அதில் இல்லை. தொழிலாளர் செயலே உள்ளது. பாறையில் அவ்விடத்து இருந்த ஏதோ ஒன்றைக் குறிக்க அவர் வழங்கிய மூன்றெழுத்துச் சொல் ஒன்றும் அதில் வருகின்றது. பிளவோ, வெடிப்போ, வேறு யாதோ என அறிஞர் பலவாறு கருதுகின்றனர். உறுதியாகச் சொல்ல வல்லார் இலர். அக்குடைவில் நின்றார் ஒவ்வொருவருக்கும் அச்சொல் தெரிந்திருந்தது. எழுதிப் பொருள் கூறிவைப்பார் இன்மையின் இருபத்தேழு நூற்றாண்டுக்குப் பின் அது வெறும் எழுத்தாய் நிற்கின்றது.

ஆகலின் மாணவ நண்பர்க்கு என் வேண்டுகோள் இது. நம் கல்லூரியிற் பொறியியல் கற்பிக்கப்படவில்லையே என்று தயங்கற்க. வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டைக் கொண்டு செல்க. கிணறு வெட்டிய பெரியவர், கல் உடைப்போர், கொத்தனார் ஆகியோரிடம் பணிவுடன் அமர்ந்து, மண்ணின் வகைக்கு, பாறையின் வகைக்கு, கருவிக்கு, இடருக்கு அவர் வழங்கும் சொல் யாதென்று கேட்டு, ஊரும் பொருளும் குறித்து எழுதுக. பத்து மாணவர் பத்து ஊரில் இவ்வாறு செய்தால், அடுத்த ஆண்டு மலரில் ஒரு சிறு தொகுதியை வெளியிடலாம். தமிழாசிரியரும் நிலநூல் வல்லாரும் கூடியிருந்து அதனைச் செப்பஞ் செய்யலாம். மொழிக்குச் செய்யும் இத்தொண்டு, நிலத்தின்கீழ் நமக்காக உழைக்கும் அறியா முகத்தார்க்குச் செய்யும் தொண்டும் ஆகும்.